பெண்கள் கூடைப்பந்துக்காக ஒரு வார இறுதி: ஐந்து ஊர்களில் எதற்கு டிக்கெட் போடலாம்?

என் மகளுக்கு 12 வயது. பள்ளி அணியில் ஆடுகிறாள். படுக்கப் போகும்போதும் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டி வைத்துக்கொள்கிற ரகம். அவளுக்காகவே மூன்று கோடைகளாக அமெரிக்காவில் டபிள்யூ.என்.பி.ஏ. என்ற பெண்கள் கூடைப்பந்து லீக்கின் ஆட்டங்களைத் தேடி ஊர் ஊராகப் போய்வருகிறோம். மே மாதத்தில் தொடங்கி செப்டம்பர் வரை லீக் ஆட்டங்கள் நடப்பதால் பள்ளி விடுமுறைக்கு வாகாக இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாள், ஆளுக்கொரு கைப்பெட்டி, வாடகைக் கார் கிடையாது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் நியூயார்க், லாஸ் வேகஸ், இண்டியானாபொலிஸ், மினியாபொலிஸ், சியாட்டில் ஐந்தையும் எடை போடுகிறேன்.

ஊரைப் பார்க்கும் முன் ஆட்ட நேரத்தைப் பாருங்கள். ஞாயிறு பிற்பகல் ஆட்டம் என்றால் அன்றைக்கு ஊர் திரும்புகிறவர்களுக்கு நிம்மதி போய்விடும். கடைசிக் கால் பகுதியில் ஸ்கோர் ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும், உங்கள் கண்ணோ விமான நேரத்தின் மேல் இருக்கும். வெள்ளி இரவு ஆட்டமும் எனக்குப் பிடிக்கவில்லை. வந்த காரியம் முதல் நாளே முடிந்துபோனால் மீதி இரண்டு நாளும் சப்பென்று ஆகிவிடுகிறது. சனி மாலைதான் சரி. பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால் பகுதிகள். இடைவேளை எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். அதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கதவு திறந்தவுடனே உள்ளே போய்விடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது தொலைக்காட்சியில் கிடைக்காது. ஒருமுறை, ஆளே இல்லாத இருக்கைகளுக்கு நடுவே, ஒரு வீராங்கனை மூலையில் நின்று மூன்று புள்ளி வீச்சுப் பயிற்சியில் இருந்தார். உதவியாளர் பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுக்க, ஒவ்வொன்றும் வலையை மட்டும் உரசிக்கொண்டு இறங்கியது. ஒன்பதாவது வளையத்தில் பட்டுத் தெறித்தது. அவர் இடத்தை விட்டு நகரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். என் மகளும் உதட்டை அசைத்து அவரோடு எண்ணிக்கொண்டிருந்தாள்.

இனி ஊர்கள். லாஸ் வேகஸைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆட்டத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் அதற்குத்தான் முதலிடம். 2022, 2023, 2025 என நான்கு ஆண்டுகளில் மூன்று கோப்பைகளை வென்ற ஏசஸ் அணி. நான்கு முறை மிகச் சிறந்த வீராங்கனை விருது பெற்ற ஏஜா வில்சன், இந்த லீக்கின் வரலாற்றிலேயே அத்தனை முறை அதைப் பெற்ற முதல் ஆள். ஏறக்குறைய 12,000 பேர் அமரும் அரங்கம் சிறியது என்பதால் மேல் வரிசையில் இருந்தும் முகம் தெரிகிறது. அது மாண்டலே பே ஹோட்டல் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியே 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும் ஜூலையில் இது பெரிய வரம். ஆனால் ஆட்டம் முடிந்தபின் பிள்ளையோடு எங்கே போவது? 21 வயது நிரம்பாதவர்கள் சூதாட்டத் தளத்தைக் கடந்து போகலாமே தவிர அங்கே நிற்கக் கூடாது. அறை வாடகைக்கு மேல் ‘ரிசார்ட் கட்டணம்’ என்று தனியாக ஒன்றும் சேரும். முன்பதிவு செய்யும்போதே மொத்தத் தொகையைப் பாருங்கள். பெரியவர்கள் மட்டும் போவதென்றால் போகலாம். எங்களுக்கு ஒரு முறை போதும்.

நியூயார்க்கின் பலம் போக்குவரத்து. லிபர்ட்டி அணி ஆடும் பார்க்லேஸ் சென்டர் புரூக்ளினில் இருக்கிறது. அதன் வாசலிலுள்ள நிலையத்துக்கு ஒன்பது சுரங்க ரயில் தடங்கள் வருகின்றன. இன்னொரு பலம் கூட்டத்தின் ஏக்கம். 1997இல் லீக் தொடங்கியபோதே இருந்த அணி இது. ஐந்து முறை இறுதிக்குப் போய் ஐந்து முறையும் தோற்று, 2024இல்தான் முதல் கோப்பையைத் தொட்டது. அத்தனை ஆண்டு காத்திருந்தவர்கள் எழுப்பும் ஆரவாரத்துக்கு ஒரு தனி கனம் உண்டு. எல்லி என்ற யானை வேடக்காரர் ஆடும் ஆட்டத்துக்கு எழுந்து நிற்காத பிள்ளை இல்லை.

ஆனாலும் நியூயார்க்கில் எனக்கு ஒரு மனக்குறை. அந்த ஊர் ஆட்டத்தை விழுங்கிவிடுகிறது. சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம் என்று பட்டியல் போட்டு அலைந்துவிட்டு, சனி மாலை அரங்கத்துக்குப் போய்ச் சேரும்போது கால் கெஞ்சுகிறது. அங்கே போவதானால் ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: ஆற்றைக் கடக்காதீர்கள். புரூக்ளினிலேயே தங்கி, பிராஸ்பெக்ட் பூங்கா, புரூக்ளின் அருங்காட்சியகம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டும் அரங்கத்திலிருந்து நடை தூரம்தான்.

இண்டியானாபொலிஸ் இதற்கு நேர் எதிர். நகரத்தின் நடுவில் 1902இல் திறந்துவைக்கப்பட்ட போர் வீரர் நினைவுத்தூண் நிற்கும் வட்டம். அங்கிருந்து சில நிமிட நடையில் ஃபீவர் அணியின் அரங்கமான கெயின்பிரிட்ஜ் ஃபீல்ட்ஹவுஸ். கூடைப்பந்தை உயிராக நினைக்கும் மாநிலம் அது. அரங்கத்தையே பழைய காலத்துக் கூடைப்பந்துக் கூடம் போலக் கட்டியிருக்கிறார்கள். நடந்தே ஊரைப் பார்க்க கல்ச்சுரல் டிரெயில் என்ற அகலமான நடைபாதை இருக்கிறது. டிக்கெட்தான் சிக்கல். 2024இல் நட்சத்திர வீராங்கனை கெயிட்லின் கிளார்க் அந்த அணிக்கு வந்ததிலிருந்து நல்ல இருக்கை கைக்கு எட்டுவதே பெரும்பாடு. அந்த அணி வருகிறது என்றால் மற்ற ஊர்கள்கூட ஆட்டத்தைப் பெரிய அரங்கத்துக்கு மாற்றிய நிகழ்வுகள் உண்டு. மே மாதக் கடைசித் திங்கட்கிழமைக்கு முந்தைய வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இண்டி 500 கார் பந்தயத்துக்காக ஊரே நிரம்பி வழியும், அறை வாடகை எங்கேயோ போய் நிற்கும்.

என் தராசில் கடைசி வரை ஆடிக்கொண்டிருந்தவை மினியாபொலிஸும் சியாட்டிலும்.

மினியாபொலிஸில் விமான நிலையத்திலிருந்து புளூ லைன் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் நகர மையம். இறங்கிச் சற்று நடந்தால் லிங்க்ஸ் அணியின் டார்கெட் சென்டர். 2011, 2013, 2015, 2017 என்று ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு கோப்பைகள். மாயா மூர், லிண்ட்சே வேலன், சிமோன் அகஸ்டஸ், ரெபெக்கா பிரன்சன் நால்வரும் அந்த நான்கு வெற்றியிலும் இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நடுவரின் விசிலுக்கு முன்பே தவறைக் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். ஆட்டம் தெரிந்த கூட்டம் என்பது அதுதான். அரங்கத்துக்கு எதிரே ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற இசைக்கூடம். அதன் கறுப்புச் சுவர் முழுக்க அங்கே பாடியவர்களின் பெயர் எழுதிய வெள்ளி நட்சத்திரங்கள். பாடகர் பிரின்ஸின் நட்சத்திரம் மட்டும் தங்க நிறம். பெண்கள் விளையாட்டையே திரையில் காட்டும் மதுக்கூடம் ஒன்றும் 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறன்று விமான நிலையத்துக்குத் திரும்பும் அதே ரயிலில் பாதி வழியில், மின்னஹாஹா பூங்கா நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள். கைப்பெட்டியை இழுத்துக்கொண்டே சில நிமிடம் நடந்தால் 53 அடி அருவி. பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். இப்படி ஒரு வசதி வேறு எந்த ஊரிலும் எங்களுக்கு அமையவில்லை.

சியாட்டிலில் ரயில் பயணம் சற்று நீளம். விமான நிலையத்திலிருந்து வெஸ்ட்லேக் நிலையத்துக்கு ஏறக்குறைய 40 நிமிடம். அங்கிருந்து 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய மோனோரயிலில் இரண்டே நிமிடத்தில் அரங்கத்தின் பக்கம். கிளைமேட் பிளெட்ஜ் அரங்கத்தின் கூரையும் அந்த 1962ஆம் ஆண்டுக் கூரைதான். அதை அப்படியே தாங்கி நிறுத்திவிட்டு, அடியில் மண்ணைத் தோண்டிப் புது அரங்கம் எழுப்பி 2021இல் திறந்தார்கள். அதனால் வாசலுக்குள் நுழைந்ததும் மேலே ஏறுவதில்லை, கீழே கீழே இறங்குகிறீர்கள். ஆடுகளம் கிணற்றின் அடியில் போலப் பளபளவென்று தெரிகிறது. ஸ்பேஸ் நீடில் கோபுரம் கூப்பிடு தூரம். பைக் பிளேஸ் சந்தை வெஸ்ட்லேக்கிலிருந்து சில நிமிட நடை. கோடையில் மழைத் தொல்லையும் குறைவு.

இவ்வளவு மட்டும் என்றால் இரண்டும் சமம் என்று சொல்லியிருப்பேன். தராசைச் சாய்த்தது ஒரு வரலாறு. 2008இல் சியாட்டிலின் ஆண்கள் அணியான சோனிக்ஸ் ஒக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது. ஊரின் பெண்கள் அணியான ஸ்டார்மும் கூடவே போயிருக்க வேண்டியதுதான். உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து அதைத் தங்கள் பணத்தில் வாங்கி ஊரிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஏற்கெனவே 2004இல் ஜெயித்திருந்த அணி, அதன்பின் 2010, 2018, 2020 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பையைக் கொண்டுவந்தது. மற்ற ஊர்கள் சிலவற்றில் பெண்கள் அணி, ஆண்கள் அணியின் வீட்டில் ஓர் அறையில் குடியிருப்பது போல ஓர் உணர்வு வரும். சியாட்டிலில் அது வருவதேயில்லை. கூடைப்பந்து என்றாலே அங்கே இத்தனை ஆண்டுகளாக ஸ்டார்ம்தான்.

அரங்கத்துக்கு வெளியே சூ பேர்டின் சிலை இருக்கிறது. 2002 முதல் 2022 வரை ஒரே அணிக்காக ஆடி, நான்கு கோப்பைகளிலும் பங்கு வகித்தவர். சிலையை 2025 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். தான் ஆடிய அணியிடமிருந்தே சிலை பெற்ற முதல் டபிள்யூ.என்.பி.ஏ. வீராங்கனை அவர். என் மகள் புகைப்படத்துக்கு நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை. சிலையைச் சுற்றி வந்து, பந்தைப் பிடித்திருக்கும் விரல்களை நிமிர்ந்து பார்த்து, தன் விரல்களை அதேபோல விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் முறையாகப் போகிறவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் சியாட்டிலுக்கே போங்கள். ஆட்டம் அத்துப்படியான தோழியோடு போவதென்றால், செலவையும் சற்றுச் சுருக்க வேண்டுமென்றால், மினியாபொலிஸ். அடுத்த பருவத்தின் அட்டவணை வந்ததும் நான் முதலில் தேடப்போவது, ஸ்டார்ம் அணி மினியாபொலிஸுக்கு வந்து ஆடும் ஒரு சனிக்கிழமையைத்தான்.