அட்வான்ஸ் பணம் திரும்பி வந்த கதை: இலவச சட்ட உதவி எப்படி இருக்கிறது?

வீட்டைக் காலி செய்து நாலு மாசம் ஆகியும் ஓனர் அறுபதாயிரம் அட்வான்ஸைத் தராமல் இழுத்தடித்தார், போன் செய்தால் "பெயின்ட் செலவு இருக்கும்மா" என்று ஒரே பாட்டு. வக்கீல் வைத்தால் பாதிப் பணம் ஃபீஸுக்கே போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அக்கா கோர்ட் வளாகத்திலேயே இருந்து இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிச் சொன்னார்.

இலவசம் என்றால் வருமானச் சான்றிதழ் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை, 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாதாம். வெள்ளைத்தாளில் மனு, ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட், அவ்வளவுதான். ஜெராக்ஸுக்கு ஆன முப்பது ரூபாய்தான் என் செலவு.

ஆணைக்குழுவிலிருந்து சமரசத்துக்கு வரச்சொல்லி ஓனருக்கு நோட்டீஸ் போனது, முதல் தடவை ஓனர் வரவில்லை. இதுதான் இதில் உள்ள ஓட்டை: எதிர்த்தரப்பு சமரசத்துக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது, அப்புறம் வழக்குதான். நல்லவேளை இரண்டாவது தடவை வந்தார். நான் சுவரில் ஆணி அடித்த போட்டோவையெல்லாம் பிரின்ட் போட்டு எடுத்து வந்திருந்தார் மனுஷன்! கடைசியில் ஐம்பத்திரண்டாயிரத்துக்கு லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடிந்தது.

அந்த எட்டாயிரம் இன்னும் உறுத்துகிறது. ஆனால் லோக் அதாலத் தரும் உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது, அதனால் கையெழுத்துப் போடும் முன் தொகையையும் தேதியையும் இரண்டு தடவை படித்துப் பாருங்கள். நேரில் போக முடியாதவர்கள் சட்ட உதவி எண் 15100-க்கு போன் செய்து கேட்கலாம். நான் ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுப்பேன்.