வயல் பச்சையானால் திட்டம் ஜெயித்ததா?

உரத்தைக் குறை, புல்லைத் தாமதமாக அறு, மேய்ச்சலைக் கட்டுக்குள் வை. வருமானம் குறைந்தால் அரசு ஈடுகட்டும். ஐரோப்பாவின் வேளாண் சூழல் திட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான். செலவான பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. பழைய செடிகள் திரும்பி வந்தனவா என்பதற்கு? அதை அளக்க மூன்று வழிகள் போட்டியில் நிற்கின்றன.

செலவில் மலிவு செயற்கைக்கோள். சென்டினல்-2 படங்கள் இலவசம். 10 மீட்டர் துல்லியம், சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை. எந்த வாரம் புல் அறுத்தார்கள், எங்கே உழுதார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் நிலம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று அந்தப் படங்களிலிருந்து கணக்கிடும் எண்ணான பசுமைக் குறியீட்டை அப்படியே நம்பினால் வம்பு. தழைச்சத்தைக் கொட்டி வளர்த்த ஒற்றைப் புல் வயல் பளிச்சென்று தெரியும். பலவகைப் பூச்செடிகள் நிற்கும் சத்துக் குறைந்த நிலம் மங்கலாகத்தான் தெரியும். திட்டம் நன்றாக வேலை செய்தால் குறியீடு இறங்கவும் கூடும்! போதாததற்கு அயர்லாந்து மாதிரி இடங்களில் மேகம் வேறு.

இரண்டாவது, பழைய முறை: தரையில் இரண்டு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, மண்டியிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லி எழுதுவது. மெதுவான வேலை, கோடையில்தான் முடியும். ஒரே சட்டத்தை இரண்டு தாவரவியலாளர்கள் பார்த்தால் எந்தச் செடி எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள். இருந்தாலும் கசப்பான உண்மையைச் சொன்னது இப்படிக் களத்தில் இறங்கி எண்ணியதுதான். 2001இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, திட்டத்தில் சேர்ந்த வயலையும் சேராத வயலையும் ஜோடி சேர்த்து 78 ஜோடிகளை ஒப்பிட்டது. தாவர வகைகளில் பலன் எதுவும் தெரியவில்லை. ஜோடி ஒப்பீட்டிலும் ஓட்டை உண்டு: சேரும் முன்பே அந்த வயல் எப்படி இருந்தது என்பது தெரியாது. 2003இல் 62 மதிப்பீடுகளை அலசியபோது, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றில் புள்ளியியல் சோதனையே இல்லை.

மூன்றாவது எனக்குப் பிடித்தது, அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் வந்த மதிப்பெண் அட்டை. சுண்ணாம்புக்கல் மலை; அங்கே மாடுகள் குளிர்காலத்தில் மேலே போய் மேயும். கோடையில் புல் ஓய்வெடுப்பதால் நீல ஜென்ஷியன் பூக்கள் பிழைக்கின்றன. மேய்ச்சல் குறைந்தால் ஹேசல் புதர் ஏறிவிடும். பயிற்சி பெற்ற ஆலோசகர் வயல் முழுக்க நடந்து, காய்ந்த புல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, தீவனம் போட்ட இடம் சேறாகிவிட்டதா, ஊற்றடி மிதிபட்டிருக்கிறதா, புதர் முளைக்கிறதா என்று பார்த்து பத்துக்கு மதிப்பெண் போடுவார். மதிப்பெண் கூடினால் பணமும் கூடும். அடுத்த வருஷம் என்ன செய்ய வேண்டும் என்பது விவசாயிக்கு அதிலேயே தெரிந்துவிடுகிறது. மற்ற இரண்டு முறைகளும் அவரிடம் எதையும் சொல்வதில்லை.

ஆனால் பணம் தரும் மதிப்பெண்ணையே திட்டத்தின் வெற்றிக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது. மதிப்பெண் ஏறியும் அரிய செடி ஒன்று காணாமல் போயிருக்கலாம். பணத்துக்கு அட்டை, அறுவடைத் தேதிக்குச் செயற்கைக்கோள், சரி. ஒன்றுக்குத்தான் நிதி உண்டென்றால் நான் செடி எண்ணும் சதுரச் சட்டத்துக்கே கொடுப்பேன்: திட்டம் தொடங்குவதற்கு முந்தைய கோடையிலேயே, சேரப்போகிற வயலிலும் சேராத வயலிலும். இடத்தை மறுபடி கண்டுபிடிக்க மூலையில் ஒரு உலோகத் தகட்டைப் புதைத்துவிடலாம். விவசாயிக்கு அந்த இடம் தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால் அங்கே மட்டும் தனிக் கவனிப்பு நடக்கும்.