மெடிசின் ரியூஷன் பக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

முழுப் பக்கேஜையும் வாங்காதீர்கள். மாதிரி நேர்முகத்தை மட்டும் தனியாக வாங்குங்கள். அவசரக்காரர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

லண்டனில் ஏ லெவல் படிக்கிற பிள்ளை உள்ள தமிழ் வீடுகளில் மருத்துவபீட அனுமதிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிற தனியார் நிறுவனங்களைத் தெரியாதவர்கள் குறைவு. நாங்கள் போனதன் பெயரை நான் எழுதவில்லை. நாலைந்து பேர் இதே தொழில் செய்கிறார்கள், விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாரிடமும் ஏறத்தாழ ஒரே சரக்குத்தான். நாங்கள் எடுத்தது 895 பவுண் பக்கேஜ். ஹோட்டல் மண்டபத்தில் யூகட் என்ற மருத்துவபீட நுழைவுச் சோதனைக்கு இரண்டு நாள் வகுப்பு, ஒன்லைன் கேள்வி வங்கி, ஒரு தடித்த புத்தகம், பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்குகிற யூகாஸுக்கு அனுப்புகிற பேர்சனல் ஸ்டேற்மென்றை (பிள்ளை தன்னைப் பற்றி எழுதுவது) திருத்தித் தருவது, கடைசியாக சூமில் ஒரு மாதிரி நேர்முகம்.

நான் ஹரோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். டொக்டர்மார் மருந்தின் அளவைப் பிழையாகப் போட்டால் அவர்களுடைய கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேட்பதும் என் வேலைதான். ஆகவே அந்தத் தொழில்மீது எனக்குப் பயபக்தி இல்லை. பயபக்தி என் மனுசனுக்கு. அவருடைய அப்பா 1970களில் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்தவர், பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகள் கூடிய புள்ளி எடுக்கவேண்டிய தரப்படுத்தல் வந்த காலம். அதற்கு முந்திய வருசங்களில் மருத்துவபீடம் போகப் போதுமாக இருந்த புள்ளி அவருக்குப் போதவில்லை. கிளறிக்கல் சோதனை எடுத்து, அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்து, பென்சன் எடுத்தார். அந்தப் புள்ளிக் கணக்கு இன்னும் தீரவில்லை, லண்டனில் பிறந்த என் மகளிடம் வந்து நிற்கிறது. 895 பவுணை இவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டியது அதனால்தான். வீட்டு பொய்லரைத் திருத்த மூன்று பேரிடம் விலை கேட்கிற மனுசன்.

இந்த நிறுவனத்துக்கு அது நன்றாகத் தெரியும். பெற்றோருக்கு என்று நடத்திய ஒன்லைன் கூட்டத்தில் விற்பனை செய்த தம்பி, "எங்கட ஏசியன் குடும்பங்களில் படிப்புத்தானே சொத்து" என்று ஆங்கிலத்தில் உருகினார். இந்த நாட்டுப் படிவங்களில் இந்தியன், பாகிஸ்தானி, பங்களாதேஷி, சைனீஸ் எல்லாருக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கிறது. நாங்கள் 'வேறு ஏசியன்' என்ற கடைசிப் பெட்டிக்குப் புள்ளடி போடுகிற ஆக்கள். அந்தப் பெட்டிகளில் உள்ள மற்றவர்களுக்கும் எங்களுக்கும் பெரிதாக என்ன பொது என்று நான் யோசித்ததில்லை. வகுப்பு நடந்த ஹோட்டலின் வரவேற்பறையில் அது தெரிந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப்போகச் சொல்லியும் ஒரு தாய் தகப்பனும் நகரவில்லை. ஒரு சீனத் தகப்பன் மடிக்கணினியில் பழைய கேள்விகளைத் தானே செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஞ்சாபித் தாய் என் பெயரைக் கேட்க முதல் மகளின் எதிர்பார்க்கப்படும் ஏ லெவல் முடிவுகளைக் கேட்டார். நானும் சொன்னேன்.

இனி சரக்குக்கு வருவோம். யூகட் என்பது மருத்துவபீடங்கள் பெரும்பாலானவை கேட்கிற கணினிச் சோதனை. வருசத்துக்கு ஒருதரம்தான் எடுக்கலாம், இந்த நாட்டுக்குள் எடுக்க 2025இல் 70 பவுண். முதல் பகுதியில் 22 நிமிசத்துக்குள் 44 கேள்வி, அதாவது பந்தியை வாசித்துப் பதில் சொல்ல ஒரு கேள்விக்கு அரை நிமிசம். இதற்குத் தேவை பயிற்சி மட்டும்தான். பயிற்சிக் கேள்விகளும் முழு மாதிரிச் சோதனைகளும் யூகட்டின் சொந்த இணையத்தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. தாங்கள் எந்தத் தனியார் வகுப்பையும் சிபாரிசு செய்வதில்லை என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் கேள்வி வங்கி பெரியதுதான், ஆனால் உண்மையான சோதனையின் திரை எப்படி இருக்கும் என்று பழக மகள் கடைசியில் அந்த இலவசத் தளத்துக்குத்தான் போனாள்.

தடித்த புத்தகத்தைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியாது. வட்டம், முக்கோணம், அம்புக்குறி என்று உருவங்களை ஒப்பிடுகிற பகுதியை 2025 சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு 2025இல் தந்த புத்தகத்தில் அது ஒரு முழு அத்தியாயம். கேட்டதற்கு, "மூளைக்கு நல்ல பயிற்சி" என்று மின்னஞ்சல் வந்தது. புள்ளி முறையும் பழையது. இப்போது புள்ளி போடுகிற மூன்று பகுதிக்கும் சேர்த்து உச்சம் 2700, புத்தகத்தின் அட்டவணையோ 3600க்குப் போட்டிருந்தது.

ஆனால் வகுப்பில் ஒரு பாடத்தை மெச்சத்தான் வேண்டும். யூகட்டின் கடைசிப் பகுதி சிச்சுவேஷனல் ஜட்ஜ்மென்ற், 26 நிமிசத்துக்கு 69 கேள்வி. வார்டில் இப்படி ஒரு சம்பவம், மாணவர் இப்படிச் செய்தது பொருத்தமா இல்லையா என்ற மாதிரி. பெரிய டொக்டர் ஒருவர் நோயாளியிடம் கடுமையாகக் கதைக்கிறார், பார்த்துக்கொண்டு நிற்கிற மாணவி என்ன செய்யலாம்? என் மகள் பயிற்சியில் திரும்பத் திரும்ப ஒரே பதிலைத் தெரிவு செய்தாள்: பேசாமல் இருப்பது, அல்லது இன்னொரு பெரியவர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது. எங்கள் வீட்டில் மாமி இருக்கிறா. சித்தப்பாமார் வந்து போவார்கள். அவர்கள் முன்னால் வாய்காட்டக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு அந்தப் பதில்தான் வரும். இந்தப் பகுதிக்குப் புள்ளி இல்லை, பேண்ட் என்ற தரம்தான். அவள் மூன்றாவது பேண்டில் நின்றாள். நாலு பேண்டில் முதலாவதுதான் திறம்.

அந்தப் பாடத்தை எடுத்தவர் இதை ஏற்கெனவே கண்டவர்போல. இந்தக் கேள்விகளின் பின்னால் இருப்பது மருத்துவச் சபை வெளியிட்டிருக்கிற தொழில் ஒழுக்க வழிகாட்டி என்று சொல்லி, அதை இறக்கி வாசிக்க வைத்தார், அதுவும் இலவசம்தான். பிறகு மூன்றே விசயம் சொன்னார். பெரியவரின் பிழையைச் சொல்லலாம். ஆட்களுக்கு முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடக்கூடாது. மண்டபத்தில் பாதிப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்கள் என்று மகள் சொன்னாள். அவளுடைய கடைசி முடிவு 2060, பேண்ட் 2. பேண்ட் ஏறியதற்கு அந்த ஆசிரியருக்குத்தான் நன்றி.

பெற்றோர் டாஷ்போர்ட் என்று ஒன்று தந்தார்கள். பிள்ளை இன்றைக்கு எத்தனை கேள்வி செய்தது என்று பச்சை, சிவப்பில் காட்டும், கிழமைக்கு ஒருதரம் வாட்ஸ்அப்பிலும் வரும். மகளின் பெயரில் கணக்கே இல்லை, எல்லாம் தகப்பனின் மின்னஞ்சலுக்கு. சிவப்பு வந்த நாளில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை எப்படி இருந்தது என்று நான் எழுத மாட்டேன். சேவையில் ஒன்றை நிறுத்தச் சொன்னால் இதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

பேர்சனல் ஸ்டேற்மென்ற் திருத்தம் இன்னும் மோசம். 2026 அனுமதியிலிருந்து அது மூன்று கேள்விக்குப் பதிலாக எழுதவேண்டியது, மொத்தம் 4000 எழுத்துக்குள். முதல் கேள்வியே ஏன் இந்தப் படிப்பு என்பதுதான். மகள் தான் செயின்ற் ஜோன் அம்புலன்ஸ் என்ற தொண்டு அமைப்பில் கடெற்றாக இருந்ததைப் பற்றி நீளமாக எழுதியிருந்தாள். பத்து வயதிலிருந்து பதினேழு வரை பிள்ளைகளைச் சேர்த்து முதலுதவி பழக்குவார்கள். நாங்கள்தான் சேர்த்துவிட்டோம், மெடிசின் விண்ணப்பத்துக்கு உதவும் என்று. திருத்தி வந்த பிரதியில் அந்தப் பந்தி சுருங்கி, தலைமைத்துவம், குழுவாக வேலைசெய்தல் என்று இரண்டு வரியாகிவிட்டது. பக்கத்தில் ஒரு குறிப்பு: இது பாராமெடிக் விண்ணப்பம் போல இருக்கிறது. பாராமெடிக் என்றால் அம்புலன்ஸில் வந்து முதல் சிகிச்சை தருபவர்.

யூகாஸில் ஐந்து இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் மெடிசினுக்கு நாலுதான். ஐந்தாவது வேறு ஏதாவதாக இருக்க வேண்டும். ஐந்தாவதுக்கு பயோமெடிக்கல் சயன்ஸ் போடுங்கள் என்றது நிறுவனம், இவரும் அதையே சொன்னார். மகள் அதை வெறுமையாக விட்டு, நாலை மட்டும் ஒக்டோபர் 15க்கு முன் அனுப்பினாள். ஐந்தாவதைப் பற்றி ஜனவரி வரை யோசிக்கலாம்தானே என்றாள்.

மாதிரி நேர்முகம் நவம்பரில் வந்தது. எடுத்தவர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக்காலம்தான் ஆன ஒரு இளம் பெண் டொக்டர். பதிவு வழக்கம்போல இவருடைய மின்னஞ்சலுக்கு வந்தது, சேர்ந்து பார்த்தோம். ஏன் டொக்டராக விருப்பம் என்ற கேள்விக்கு மகள் விஞ்ஞானம் பிடிக்கும், ஆட்களுக்கு உதவப் பிடிக்கும் என்று பாடமாக்கியதை ஒப்புவித்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அதை நேர்ஸும் செய்வா, பாராமெடிக்கும் செய்வார். நீங்கள் ஏன் டொக்டர்?" என்றா. இது மெடிசின் நேர்முகங்களில் வழமையாக வருகிற கேள்விதான்.

மகள் கன நேரம் பேசவில்லை. பிறகு ஒரு ஓட்டப்போட்டியில் கடெற்றாக நின்றபோது ஒரு வயதானவர் விழுந்ததைச் சொல்லத் தொடங்கினாள். அம்புலன்ஸில் வந்த பெண் நிலத்தில் முழங்காலிட்டு முதலில் அவருடைய பெயரைக் கேட்டாவாம். நெஞ்சில் கருவி ஒட்ட சட்டையை வெட்டவேண்டி வந்தபோது, வெட்டலாமா என்று அரை மயக்கத்தில் இருந்த மனுசனிடமே கேட்டாவாம். கூடியிருந்த சனம் பார்க்காமல் மற்றவர் வெள்ளித்தாள் போர்வையைத் தூக்கிப் பிடித்தாராம். எந்தக் கையால் என்ன செய்தார்கள் என்றுகூடச் சொன்னாள். வாரக்கணக்காகப் பாடமாக்கிய பதிலில் இல்லாத குரல் அது. அந்த டொக்டர் இடையில் மறிக்கவே இல்லை. முடிந்ததும், "நீங்கள் இவ்வளவு நேரமும் சொன்னது ஒரு டொக்டரைப் பற்றி இல்லை, கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டா. பின்னூட்டத்தில் புள்ளி குறைவுதான். கீழே ஒரு வரி எழுதியிருந்தா, வீட்டில் கதைத்துப் பாருங்கள் என்று.

இதைத் தனியாக வாங்கினால் 75 பவுண். நேர்முக அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் விண்ணப்பத்துக்கு முன்னமே, கோடை லீவில், வாங்குங்கள் என்பது என் யோசனை. நிறுவனம் இதைக் கடைசியில் வைத்திருப்பதன் காரணம் வியாபாரம். முதலில் வைத்தால் சில வீடுகள் மிச்சத்தை வாங்காது.

ஒரு ஞாயிறு, "அப்பா, தனியாக் கதைக்கோணும்" என்று மகள் இவரைக் காருக்குள் கூட்டிக்கொண்டு போனாள். தனியாக, மரியாதையாக, தள்ளிப்போடாமல். படித்ததை வீட்டிலேயே பிரயோகித்துவிட்டாள். இவர் உள்ளே வந்து சொன்ன முதல் வசனம், "அம்புலன்ஸ் ஓடப்போறாளாம்." மாமி உடனே, "ட்ரைவருக்கோ இவ்வளவு படிச்சவள்?" என்றா. பாராமெடிக் என்பது மூன்று வருசப் பட்டம், பதிவு இல்லாமல் அந்தப் பெயரையே வைத்துக்கொள்ள சட்டம் விடாது, படிக்கிற காலத்தில் என்.எச்.எஸ் என்ற அரச சுகாதார சேவை வருசத்துக்கு 5000 பவுண் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகை தருகிறது. இவ்வளவையும் மாமிக்குச் சொன்னது நான். 5000 பவுண் மட்டும் அவவுக்கு விளங்கியது. இவர் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இணையத்தில் தேடி, பட்டதாரிகளுக்கு நாலு வருச மெடிசின் படிப்பு இருப்பதைக் கண்டுபிடித்து முகம் மலர்ந்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரி 14க்கு முன் ஐந்தாவது இடத்தை நிரப்பினாள். அனுப்பிய ஸ்டேற்மென்றை மாற்ற முடியாது என்பதால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, தனியாக ஒன்று அனுப்பலாமா என்று கேட்டாள். அனுப்பச் சொன்னார்கள். நிறுவனம் வெட்டிய பந்தி அதில் முழுசாகப் போனது. அங்கிருந்து இடம் வந்துவிட்டது. மெடிசினில் ஒரு நேர்முகம் முடிந்திருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் என்ன செய்வாள் என்று இவர் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை.

'நேர்முகம் கிடைக்காவிட்டால் காசு திரும்ப' என்ற உத்தரவாதத்தை நம்பி வாங்குபவர்கள் சின்ன எழுத்தை வாசியுங்கள். கேள்வி வங்கியில் 90 வீதம் முடித்திருக்க வேண்டும், நாலு இடமும் அவர்கள் சொன்ன இடமாக இருக்க வேண்டும்.

போன கிழமை அந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது. இளையவன் இயர் 8 என்று எங்கேயோ குறித்து வைத்திருக்கிறார்கள், அவனுக்கும் ஏதோ திட்டம் இருக்கிறதாம், இப்பவே தொடங்கினால் கழிவு உண்டாம். மாதிரி நேர்முகம் அதில் இருக்கா என்று கேட்டேன். அது இயர் 13க்கு மட்டும்தானாம். அப்ப ஐந்து வருசம் கழிச்சு எடுங்கோ என்றேன். "ஓகே, குறிச்சு வைக்கிறோம்" என்றார்கள்.