பகடையை உருட்டும் முன்: ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ விதித் தொகுப்பு

ஜான் ஹார்ப்பர் உருவாக்கிய ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ என்னும் ரோல்பிளேயிங் விளையாட்டு (திருட்டுக் கும்பலின் பாத்திரங்களை ஆளுக்கொன்றாக ஏற்று, பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம்), 2017-இல் ஈவில் ஹாட் நிறுவனத்தின் வெளியீடாக அச்சில் வந்தது. அதன் அடிப்படை விதிகள் மட்டும் தனித் தொகுப்பாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டிருப்பதால், மூலத்தை முறைப்படி குறிப்பிட்டுவிட்டு, அவற்றைக் கொண்டு வேறொரு விளையாட்டை வடிவமைத்து விற்கவும் செய்யலாம். அத்தகைய முயற்சி ஒன்றில் சில மாதங்களாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பகடை விதி எளியது. ஒரு செயலில் பாத்திரத்துக்கு எத்தனை புள்ளிகள் உள்ளனவோ அத்தனை ஆறுமுகப் பகடைகளை உருட்டி, விழுந்தவற்றுள் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 6 என்றால் முழு வெற்றி. 4 அல்லது 5 என்றால் நினைத்தது நடக்கும், கூடவே ஒரு சிக்கலும் வரும். 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் நிலைமை மோசமாகும். இரண்டு பகடைகளை உருட்டும்போது 36-இல் 16 முறை அந்த நடுப்பகுதியே வாய்க்கிறது என்பதால், வெற்றியோ தோல்வியோ என்று முடிந்துபோகாமல் கதை தானாகவே அடுத்த நெருக்கடிக்கு நகர்கிறது.

இத்தொகுப்பின் உண்மையான சிறப்பு, பகடையைக் கையில் எடுப்பதற்கு முன் நடக்கும் பேச்சில் இருக்கிறது. காவலாளியை மிரட்டுவதா, நயமாகப் பேசி மயக்குவதா என்பதை விளையாடுபவரே தேர்ந்தெடுக்கிறார். அந்த வழி எவ்வளவு ஆபத்தானது, அதனால் எவ்வளவு பலன் கிட்டும் என்ற இரண்டையும் ஆட்டத்தை நடத்துபவர் வெளிப்படையாக அறிவிக்கிறார். ஆபத்துக்கு மூன்று படிகள், பலனுக்கு மூன்று படிகள். சாதாரணப் பலன் என்றால், பெரிய தடைகளைக் குறிக்க வரையப்படும் 4, 6 அல்லது 8 கூறுகள் கொண்ட வட்டத்தில் இரண்டு கூறுகள் நிரம்பும். ‘இப்படி ஆகுமென்று தெரிந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன்’ என்று உருட்டிய பிறகு எழும் சச்சரவு, எங்கள் மேசையில் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

குறைகளும் உண்டு. 4, 5 விழும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சிக்கலைக் கற்பனை செய்ய வேண்டியிருப்பதால், ஆட்டத்தை நடத்துபவர் இரண்டு மணி நேரத்தில் களைத்துப்போகிறார். அதைவிட முக்கியமானது, இவ்விதிகள் ஒன்றோடொன்று எவ்வளவு இறுகப் பின்னப்பட்டுள்ளன என்பதைத் தொகுப்பு போதிய அளவு எச்சரிக்கவில்லை. திருட்டுக்கும் திருட்டுக்கும் இடையே வரும் ஓய்வுக்காலப் பகுதி கணக்குவழக்குப் போலச் சலிப்பூட்டியதால், என் விளையாட்டில் அதை முழுவதுமாக நீக்கினேன். பாத்திரங்களின் மன அழுத்தத்துக்கு 9 கட்டங்கள்தான் உள்ளன. கூடுதல் பகடை வாங்கினாலும், ஒரு சிக்கலைத் தாக்குப்பிடித்தாலும் அவை நிரம்பும். பெரும்பாலும் அவற்றைக் காலிசெய்வது நான் வெட்டியெறிந்த அந்த ஓய்வுக்காலமே. மூன்றாம் அமர்விலேயே எங்கள் பாத்திரங்கள் அனைவரும் மனம் உடைந்து கிடந்தனர்.

இப்போது ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் ஆளுக்கு ஒரே ஒரு ஓய்வுச் செயல் என்று சுருக்கி அப்பகுதியை மீட்டிருக்கிறேன். இலவசத் தொகுப்பே வடிவமைப்புக்குப் போதுமானது என்றாலும், எதையேனும் நீக்க நினைப்பவர்கள் முதலில் மூல விளையாட்டை மாற்றமின்றி நான்கைந்து முறையாவது ஆடிப் பார்க்க வேண்டும்.