கன்னியாகுமரிக் கடற்கரை: படகை நம்பலாம், வலம்புரியை நம்ப வேண்டாம்

கத்தியைக் காட்டிப் பணம் பிடுங்குவது கன்னியாகுமரியின் பாணி அல்ல. இங்கே நடப்பதெல்லாம் ஐம்பது, நூறு, ஐந்நூறு என்று சின்னச் சின்னதாகக் கழற்றும் வேலை. அதற்கு மூலதனம் ஒன்றுதான்: வந்தவருக்கு நேரம் தெரியாது. படகு எப்போது ஓடும், சூரியன் எந்தப் பக்கம் மறையும், அரண்மனைக்கு என்றைக்கு லீவு என்பதெல்லாம் தெரியாதவரிடம்தான் "வாங்க சார், நான் பாத்துக்கறேன்" எடுபடுகிறது. சுற்றுலா வருபவரிடம் காசு வாங்கும் சேவைகளை இந்தக் கணக்கில் எடை போட்டால் யார் தேறுவார்கள், யார் தேற மாட்டார்கள் என்று பார்ப்போம்.

முதலில் படகு. விவேகானந்தர் பாறைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் மட்டுமே. தனியார் படகு எதுவும் அங்கே ஆள் இறக்க முடியாது. கட்டணம் பலகையில் எழுதியிருக்கும். சாதாரண டிக்கெட், வரிசையைச் சுருக்கும் சிறப்பு டிக்கெட் என்று இரண்டு வகை. இரண்டும் கவுன்டரில்தான் கிடைக்கும். வரிசையில் நிற்கும்போது "ஸ்பெஷல் டிக்கெட் எடுத்துத் தாரேன்" என்று ஒருவர் அருகில் வந்தால், அவர் விற்பது அதே கவுன்டர் டிக்கெட்டைத்தான், தன் கமிஷனையும் சேர்த்து. பாறையில் நினைவு மண்டபத்துக்குத் தனி நுழைவுக் கட்டணம் உண்டு. அது ஏமாற்று அல்ல, கோபப்பட வேண்டாம்.

வழக்கமான நேரம் காலை 8 முதல் மாலை 4 வரை. கூட்டம் அதிகமானால் 4 மணிக்கு முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் வரிசையில் நிற்பவர்களை ஏற்றி, பாறையில் இருப்பவர்களைத் திருப்பிக் கொண்டுவர நேரம் வேண்டும். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ காற்று பலத்தாலோ சேவை சட்டென்று நின்றுவிடும். படகு பாறையோடு மோதாமல் அணைய வேண்டுமே, அதனால் இதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எப்போது மீண்டும் தொடங்கும் என்று வரிசையில் நிற்பவர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. நம் மார்க் குறைவது அங்கேதான். அந்த மௌனத்தில்தான் ஆட்டோக்காரர் வந்து "இன்னைக்கு படகு கிடையாது, வட்டக்கோட்டை போலாம்" என்று பக்கத்துக் கடலோரக் கோட்டைக்குக் கூப்பிடுகிறார். கவுன்டரில் கேட்காமல் வரிசையை விட்டு நகர வேண்டாம்.

2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையில்தான் இருக்கிறது. கரையில் இருந்து நடந்து போக முடியாது. படகில் லைஃப் ஜாக்கெட் தருவார்கள். அழுக்காக இருக்கிறது என்று கையில் வைத்துக்கொள்வது பலரின் பழக்கம். போட்டு, பக்கவாட்டு நாடாக்களை இறுக்குங்கள். நாடா தொங்கினால் தண்ணீரில் ஜாக்கெட் தலைக்கு மேலே ஏறிவிடும், ஆள் கீழே போவார். குழந்தைக்குப் பெரியவர் அளவு கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள்.

அடுத்தது சங்குக் கடைகள். இந்தக் கடற்கரையின் கலகலப்பே அவைதான். ஏமாற்றில் நுணுக்கம் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

வலம்புரிச் சங்கு என்று கண்ணாடிப் பெட்டியில் சிவப்புப் பட்டுத்துணி மேல் வைத்து, "அக்கா, உங்களுக்காக விலை குறைக்கிறேன்" என்பார்கள். சங்கைக் கையில் வாங்குங்கள். சுருள் முனை மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் உங்கள் வலப்பக்கம் இருந்தால் அது சாதாரணச் சங்கு, அதாவது இடம்புரி. கடைக்காரர் சொல்லும் வாதமே இதற்கு நேரெதிர்: "வாய் வலது பக்கம் இருக்கு பாருங்க, அதான் வலம்புரி." இப்படிப் பிடிக்கும்போது வாய் இடப்பக்கம் இருந்தால்தான் மேற்கொண்டு பேச வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. அமெரிக்கக் கடற்கரையில் இயல்பாகவே இப்படிச் சுருளும் வேறொரு நத்தை இனம் இருக்கிறது. அதன் ஓடு மூட்டை மூட்டையாக இறக்குமதியாகி, மெருகேற்றி, வலம்புரி என்று விற்கப்படுகிறது. பிரித்தறிய விரலே போதும். வாய்க்குள் நடுத்தண்டைத் தடவினால், நம் கடல் சங்கில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் விரலில் தட்டுப்படும். இறக்குமதி ஓட்டில் வழவழவென்று இருக்கும். நம் கடலில் நிஜ வலம்புரி கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். தெருக்கடையில் வரிசையாக அடுக்கி வைக்கிற அளவுக்கு அது எங்கேயும் இல்லை. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கும் என்பார்கள். டம்ளரை வைத்தாலும் கேட்கும்.

அலங்காரத்துக்கு ஒரு சாதாரணச் சங்கு வேண்டும், ஊதிப் பார்த்து வாங்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. பேரம் பேசுங்கள், ஊதச் சொல்லிக் கேளுங்கள், விரிசலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல்விசிறி ஆகியவற்றை மட்டும் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் தொடவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவை பாதுகாக்கப்பட்டவை. விற்றவர் கடையில் இருப்பார். விமான நிலையச் சோதனையில் சிக்குவது வாங்கியவர்.

முத்து மாலையிலும் இதே நாடகம்தான். "தூத்துக்குடி முத்து" என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. இரண்டு மணிகளை ஒன்றோடொன்று லேசாக உரசிப் பாருங்கள். நிஜ முத்தில் நறநறப்பு தெரியும், கண்ணாடி மணி வழுக்கும். துளையின் ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம். பாசி மாலை என்று தெரிந்தே ஐம்பது ரூபாய்க்கு வாங்குவதில் தவறில்லை, அழகாகத்தான் இருக்கும். வண்ண மணல் பொட்டலத்தில் சிவப்பும் கருப்பும் இந்தக் கரையின் இயற்கை மணல். பச்சையும் நீலமுமாக மின்னினால் சாயம்.

தின்பண்டங்களில் நேந்திரங்காய் சிப்ஸைக் கண் முன்னால் எடை போடச் சொல்லி வாங்கலாம். கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனி போல மினுங்கினால் வைத்துவிடுங்கள். தேனடையைப் பிழிந்து காட்டி விற்பவரிடம் தேன் வாங்குவதைவிட, புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனைப் பில்லோடு, லேபிளோடு வாங்குவது மேல். ஹோட்டலில் மீன் வறுவலுக்கு மெனுவில் விலை போடாமல் விட்டிருந்தால், மீன் சட்டியில் விழும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

லாட்ஜ் விஷயத்தில் ஏமாற்று இப்போது வாசலில் இல்லை, போனில் இருக்கிறது. பிரபலமான தங்குமிடங்களின் பெயரில் போலி இணையதளம், தேடினால் முதலில் வரும் போலி எண், தனி நபர் பெயருக்கு யுபிஐ அட்வான்ஸ். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். நிறுவனத்தின் பெயர் இல்லாமல் யாரோ ஒருவர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். "அட்வான்ஸைத் திருப்பி அனுப்புறோம், யுபிஐ பின் (PIN) நம்பர் போடுங்க" என்றால் அது திருட்டு. நமக்குப் பணம் வர அந்த PIN தேவையே இல்லை. "சீ வியூ" என்று கேட்டால், அந்த அறையின் ஜன்னலில் இருந்து எடுத்த படத்தைக் கேளுங்கள். பல இடங்களில் கடல் தெரிவது மொட்டை மாடியில்தான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சீசன் வாடகை ஏறும். 24 மணி நேரக் கணக்கா, மதியம் காலி செய்ய வேண்டுமா என்பதை முன்பணம் தரும் முன்பே பேசிவிடுங்கள். ரயில் நிலையத்தில் இருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான். "அந்த லாட்ஜ் ஃபுல், வேற நல்ல இடம் இருக்கு" என்று ஆட்டோக்காரர் சொன்னால், லாட்ஜுக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

சூரிய அஸ்தமனத்துக்கு என்று ஆட்டோ பிடிப்பவர்கள் மாதத்தைப் பார்க்க வேண்டும். அக்டோபர் நடுவில் இருந்து மார்ச் நடு வரை முக்கடல் கரையில் நின்றே சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். மே, ஜூனில் அது வடக்கே ஒதுங்கி நிலத்துப் பக்கம் மறையும்; எவ்வளவு கொடுத்தாலும் ஆட்டோவால் அதைக் கடலுக்குள் இறக்க முடியாது.

ஒரு நாள் வேன் பேக்கேஜ் பேசும்போது கிழமை முக்கியம். பத்மநாபபுரம் அரண்மனை, கேரள அரசின் நிர்வாகத்தில் இருப்பது, திங்கட்கிழமை திறக்காது. திங்கட்கிழமை பேக்கேஜிலும் அதைச் சேர்த்து விற்கிறார்கள், வாசலில் நிறுத்தி "அய்யோ, லீவு போல" என்கிறார்கள். மற்ற நாட்களிலும் மதியம் 1 முதல் 2 வரை பூட்டு. பட்டியலில் "கோவளம் பீச்" என்று இருந்தால் எந்தக் கோவளம் என்று கேளுங்கள்: குமரிக்குப் பக்கத்திலேயே ஒரு மீனவக் கிராமம் கோவளம், கேரளக் கோவளம் வேறு. பார்க்கிங், எல்லை தாண்டினால் பெர்மிட், காத்திருப்பு எல்லாம் சேர்த்துத்தான் தொகை என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். திற்பரப்பு அருவியில் தண்ணீர் வரத்து அதிகமானால் குளிக்கத் தடை போடுவார்கள். காந்தி மண்டபத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, யாரும் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், கடலில் அப்படி இல்லை. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் என்பது தெற்கே வெகுதொலைவில் எழுந்த அலை. இங்கே காற்றோ மழையோ இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே கரையை ஏறி அடிக்கும். வானத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் (INCOIS) எச்சரிக்கையையும் கரையில் நிற்கும் போலீசையும்தான் கேட்க வேண்டும். சொத்தவிளை, முட்டம் கடற்கரைகளிலும் இதே விதிதான். முக்கடல் சங்கமத்தில் பாறைகளுக்கு உட்பட்ட படித்துறையோடு குளியல் முடிய வேண்டும். பாசி பிடித்த வெளிப்பாறையில் செல்ஃபிக்கு ஏறுபவரை ஓர் அலை போதும், கீழே தள்ள.

எதற்கும் பில் வாங்குங்கள். எம்ஆர்பிக்கு மேல் விலை, தரமில்லாத பொருள் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. ஆபத்து என்றால் 112. யுபிஐயில் பணம் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அப்போதுதான் வாய்ப்பு அதிகம். கூப்பிடும்போது பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும், முதலில் கேட்பது அதைத்தான்.