டர்பனில் 2020 முதல் வளர்க்கும் ஸ்டார்ட்டர்

2020 மார்ச் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் ஊரடங்கு தொடங்கியது. மது விற்பனைக்குத் தடை வந்ததால் பலர் வீட்டிலேயே அன்னாசிப் பழ பீர் போட ஆரம்பித்தார்கள். கடைகளில் ஈஸ்ட் கிடைக்கவில்லை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு ரொட்டி என் பொறுப்பு. இட்லி மாவு ஈஸ்ட் போடாமலேதானே பொங்குகிறது என்று தோன்றியது. ஏப்ரலில் ஸ்டார்ட்டர் வைத்தேன், அதாவது கடை ஈஸ்டுக்குப் பதிலாக ரொட்டியை எழும்ப வைக்கும் புளித்த மாவு.

50 கிராம் முழு ரை மாவு (ரை என்பது கோதுமை மாதிரி ஒரு தானியம்), 50 கிராம் தண்ணீர். இரண்டாம் நாளே பாட்டிலில் மாவு இரண்டு மடங்கானது. நான்காம் நாள் ஒரு குமிழ்கூட இல்லை. செத்துவிட்டது என்று கொட்டிவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கைவிடுகிறார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் வரும் அந்தப் பொங்கல் ஈஸ்டால் வருவதில்லை. பெரும்பாலும் லூக்கோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களின் வேலை அது. நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அந்த இனம்தான். புளிப்பு ஏறியதும் அவை அடங்கிவிடும். புளிப்பைத் தாங்கும் ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் பெருகச் சில நாள் ஆகும். இரண்டாவது முறை பொறுமையாக இருந்தேன். தினமும் பாதியை எடுத்துவிட்டு, மிச்சத்தின் எடைக்குச் சமமாக மாவும் தண்ணீரும் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் எழும்பி நின்றது. இன்றுவரை அதே ஸ்டார்ட்டர்தான்.

டர்பன் வெயில் வேறு கதை. இங்கே கோடையான ஜனவரியில் நாலு மணி நேரத்தில் உச்சிக்கு ஏறி இறங்கிவிடும். பசியில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி வாடை அடிக்கும். அப்போது ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்கு ஐந்து பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர் கொடுக்கிறேன். குளிர்காலமான ஜூலையில் ஒன்றுக்கு ஒன்று போதும். பாட்டிலில் ரப்பர் பேண்ட் போட்டு உயரத்தைப் பாருங்கள், கடிகாரத்தை நம்ப வேண்டாம். மேலே கருப்பாகத் தண்ணீர் நின்றால் கலக்கிவிட்டு மாவு கொடுக்கலாம். இளஞ்சிவப்புக் கோடோ பூஞ்சையோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இப்போது 30 கிராம்தான் வைத்திருக்கிறேன், ஃபிரிட்ஜில், வாரம் ஒரு முறை மாவு. 2022, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஃபிரிட்ஜ் அடிக்கடி நின்றது. ஸ்டார்ட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கஷ்டப்படுத்தியது மின்சார ஓவன். ஒரு நாள் ரொட்டி பாதி வெந்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது. உள்ளே பிசுபிசுவென்று நின்ற அந்த ரொட்டியைத் தூக்கிப் போட மனமே வரவில்லை. அதன்பிறகு, பிசைந்த மாவை ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அட்டவணையைப் பார்த்துக் கரண்ட் இருக்கும் நேரத்தில் சுடும் பழக்கம் வந்தது. மெதுவாகப் புளித்த ரொட்டியின் ருசி பிடித்துப்போய், மின்வெட்டு குறைந்த பிறகும் அப்படியே செய்கிறேன்.

அளவு இதுதான்: மாவு 500 கிராம், தண்ணீர் 350, ஸ்டார்ட்டர் 100, உப்பு 10. மூடி போட்ட இரும்புப் பானையில் 230 டிகிரியில் 20 நிமிடம், மூடியை எடுத்து இன்னும் 20 நிமிடம்.

ஆனால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் டர்பன் பன்னி சௌவுக்கு இந்த ரொட்டி சரிவராது. பெரிய ஓட்டைகள் வழியாகக் குழம்பு ஒழுகிவிடும். அதற்குத் தண்ணீரை 300 ஆகக் குறைத்து, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, நீளத் தகர அச்சில் சுடுகிறேன். ஸ்டார்ட்டரும் உச்சிக்கு ஏறும் முன்னாலேயே எடுத்தது. அப்போதுதான் புளிப்பு மட்டாக இருக்கும். புரட்டாசியில் வீட்டில் கவிச்சி கிடையாது, பீன்ஸ் கறிதான். அதை உள்ளே ஊற்றிக் கால்மணி நேரம் ஆனாலும் அடி நனைந்து கிழிவதில்லை. மாமியாருக்குக் கடை ரொட்டியின் மிருதுதான் இன்னும் பிடிக்கும், அதுவும் நியாயம்தான்.

எடுத்துவிடும் மாவை நான் வீணாக்குவதில்லை. அரிசி மாவு, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துக் கரைத்துத் தோசையாக ஊற்றிவிடுவேன். அப்புறம், ஸ்டார்ட்டரை பேக்கிங் பேப்பரில் மெல்லிசாகத் தடவிக் காயவைத்து, உடைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கும் நாத்தனாருக்கு அப்படி ஒரு ஸ்பூன் கொடுத்தேன். அங்கே குளிர் அதிகம், அது மறுபடி பொங்க நாலு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் ரொட்டி சுட்டுப் படம் அனுப்பினார்.