பட்டியலா, ஆபீஸ் மெயிலா?

வாளையாறு தாண்டி கேரளத்தில் இருக்கிற கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகிற நம்ம ஆட்கள் பிசினஸ் இங்கிலீஷ் மரபுத்தொடர்களை ரெண்டு விதமாகப் படிக்கிறார்கள். பட்டியலை மனப்பாடம் செய்வது ஒன்று. அடுத்த வாரம் இன்டர்வியூ என்றால் சரி, ஆனால் ‘பால்பார்க் ஃபிகர்’ தோராயக் கணக்கு என்று சொல்லிவிடுகிற பட்டியல், அதைப் பேச்சில் சொல்லலாம், இறுதிக் கொட்டேஷனில் எழுதினால் எடுபடாது என்பதைச் சொல்லாது.

இன்னொன்று, மெயிலிலும் மீட்டிங்கிலும் வருவதை, யார் யாரிடம் எதற்குச் சொன்னார்கள் என்பதோடு குறித்துவைப்பது. மெதுவான வழிதான், இருந்தாலும் என் ஓட்டு இதற்கே, மலையாளத்தையும் நாம் டீக்கடையில் கேட்டுத்தானே பிடித்தோம். ‘இன் த ரெட்’ என்றால் நஷ்டத்தில் இருப்பது, கணக்குப் புத்தகத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதிய பழக்கத்திலிருந்து வந்தது. மாதக் கடைசி மீட்டிங்கில் ஒருமுறை கேட்டால் போதும், அப்புறம் மறக்காது.